நாலறை வீட்டுக்கு வேக்குவம் கிளீனர்: விலைச்சீட்டில் வராத செலவுகள்

வேக்குவம் கிளீனர் வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் முதலில் கேட்பது, எத்தனை வாட், என்ன விலை. கேட்க வேண்டியவைதான். ஆனால் மூன்று நான்கு வருடம் கழித்துக் கையைக் கடிப்பது வேறு: பை, ஃபில்டர், பேட்டரி, அப்புறம் உடைந்துபோன ஒரு பிளாஸ்டிக் கொக்கி இந்த ஊரில் கிடைக்குமா கிடைக்காதா என்பது. நான் சில ஆண்டுகளாக மீலே நிறுவனத்தின் கம்ப்ளீட் சி3 மாடலை சிங்கப்பூரில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) நாலறை வீட்டில் ஓட்டுகிறேன். வயர் உள்ளது, உள்ளே பை போடுவது, பின்னால் சக்கரத்தில் இழுபட்டு வருவது. இன்று மறுபடி வாங்கச் சொன்னாலும் இதே வகையைத்தான் வாங்குவேன். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன்.

மின்சாரத்தை முதலில் முடித்துவிடலாம். 900 வாட் மிஷினை வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஓட்டினால் ஆண்டுக்கு 47 யூனிட் ஆகும். வரியோடு யூனிட்டுக்கு ஏறக்குறைய 30 காசு என்று போட்டால் ஆண்டு முழுவதற்கும் 14 வெள்ளி. படுக்கையறை ஏர்கான் ஒரே இரவில் இழுக்கும் மின்சாரம் இந்த மிஷினின் ஒரு வாரக் கணக்கைச் சுலபமாகத் தாண்டிவிடும். அதனால் 'கரண்ட் மிச்சம்' என்று விற்பனையாளர் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அதற்காக நூறு வெள்ளி கூடக் கொடுக்காதீர்கள்.

அதே போல 2000 வாட் என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருப்பதைப் பார்த்தும் மயங்க வேண்டாம். வாட் என்பது மோட்டார் எடுத்துக்கொள்ளும் மின்சாரம், தூசியை இழுக்கும் திறன் அல்ல. ஐரோப்பிய ஒன்றியம் 2014 செப்டம்பரில் வேக்குவம் கிளீனருக்கு 1600 வாட் என்று உச்சவரம்பு வைத்தது, 2017 செப்டம்பரில் அதை இன்னும் இறக்கி 900 வாட்டுக்குக் கீழ் கொண்டுவந்தது. அங்கே யாரும் துடைப்பத்துக்குத் திரும்பிவிடவில்லை. காற்று போகும் வழியையும் தரையில் படும் முனையையும் நன்றாக வடிவமைத்தால் பாதி மின்சாரத்திலேயே வேலை நடக்கும் என்று தெரிந்தது. ரோபோ வகைகளில் இத்தனை ஆயிரம் பாஸ்கல் என்று போடுவார்கள், அது அழுத்தத்தை மட்டும் சொல்கிற எண். எவ்வளவு காற்று ஓடுகிறது என்பதும் சேர்ந்தால்தான் தூசி நகரும்.

சரி, உண்மையான செலவுக்கு வருவோம்.

சி3-க்கு ஜிஎன் வகைப் பை, 4.5 லிட்டர் கொள்ளும். ஒரு பெட்டியில் நான்கு பை, கூடவே மோட்டார் ஃபில்டர் ஒன்று, காற்று வெளியேறும் பக்கத்துக்கு ஒன்று. எங்கள் வீட்டில் ஒரு பை சுமார் இரண்டு மாதம் வரும், ஆக வருடத்துக்கு ஒன்றரைப் பெட்டி. பெட்டி 30 வெள்ளி என்று வைத்தாலும் 45 வெள்ளி, மின்சாரத்தைப் போல மூன்று மடங்கு. 'இந்தச் செலவே வேண்டாம், பை இல்லாத மாடல் வாங்குகிறேன்' என்று பலர் முடிவெடுப்பது இந்த இடத்தில்தான். நான் ஏன் பைக்குக் காசு கொடுக்கிறேன் என்றால், பையைக் கழற்றும்போது அதன் வாய் மூடிக்கொள்கிறது, தூசி முகத்தில் அடிப்பதில்லை. பை இல்லாததில் டப்பாவைக் குப்பைச் சரிவு வாயில் தட்டும்போது பாதி தூசி திரும்பி நம் மீதே வரும். வீட்டில் மூக்கடைப்பு, தும்மல், பிள்ளைக்கு எக்ஸிமா என்று இருந்தால் இது சின்ன விஷயம் இல்லை. சிங்கப்பூர் வீடுகளின் தூசியில் அதிகம் இருப்பது புளோமியா டிராபிகாலிஸ் என்ற, கண்ணுக்குத் தெரியாத தூசி உண்ணி, நம் ஊர் ஈரப்பதம் அதற்கு ரொம்பப் பிடிக்கும். மெத்தையை வேக்குவம் செய்தால் அதன் கழிவும் உதிர்ந்த தோலும் ஓரளவு போகும், உயிருள்ளவை எல்லாம் போகாது. அவற்றுக்கு விரிப்பையும் தலையணை உறையையும் 55 டிகிரிக்கு மேல் சுடுநீரில் துவைப்பதுதான் வழி. இதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் தனிச் செலவு, ஏறக்குறைய ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. ஒவ்வாமை இல்லாத வீடு என்றால் பைப் பெட்டியோடு வரும் சாதாரண ஃபில்டரே போதும்.

பை இல்லாத மிஷின்களில் ஃபில்டரைக் கழுவலாம், செலவில்லை என்பார்கள். கழுவலாம்தான். பெரும்பாலான கையேடுகளில் 24 மணி நேரம் காயவிடுங்கள் என்று இருக்கும். டிசம்பர் மழையில் சர்வீஸ் யார்டில் தொங்கவிட்ட துணியே ஒரு நாளில் காய்வதில்லை, கடற்பஞ்சு மாதிரி இருக்கும் ஃபில்டர் எப்படிக் காயும்? ஈரம் இருக்கும்போதே மாட்டினால் அடுத்த வாரம் ஹால் முழுக்கப் புழுங்கல் வாடை, மோட்டாருக்கும் கேடு. இந்த வகைதான் வேண்டும் என்றால் வாங்கும்போதே இன்னொரு ஃபில்டர் சேர்த்து வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள்.

நம் வீடுகளுக்கே உரிய ஒன்று, சாமி அறை. திருநீறும் ஊதுவத்திச் சாம்பலும் மாவை விட நுண்மையான தூள். பையில்லாத மிஷினில் அது நேராக ஃபில்டரைப் போய் அடைக்கும். பை உள்ளதிலும் பையின் நுண்துளைகளை அடைத்துவிடும், அதனால் பை பாதிதான் நிரம்பியிருக்கும், மாற்றச் சொல்லும் அடையாளம் சிவப்பாகிவிடும். மிஷின் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம், உண்மையிலேயே காற்றோட்டம் குறைந்துதான் அது சிவப்பாகிறது, பையை மாற்றுங்கள். சாமி அறையை முதலில் ஈரத்துணியால் துடைத்துவிட்டால் பைக்கு ஆயுள் கூடும். கனல் அணையாத சாம்பலையும் தண்ணீர் சொட்டும் பூவையும் மட்டும் எக்காரணம் கொண்டும் உறிஞ்சாதீர்கள்.

முனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கே பெரும்பாலான வீடுகளில் டைல்ஸ் அல்லது வினைல் தரை, கம்பளம் அரிது. மோட்டாரில் சுழலும் உருளை பிரஷ் முதன்மையாகக் கம்பளத்துக்கு ஆனது. வழுவழுப்பான தரைக்கு மென்மையான மயிர் வைத்த அகலமான முனை போதும். நீளமான கூந்தல் உள்ள வீட்டில் உருளையில் சிக்கும் முடியைக் கத்தரிக்கோல் வைத்து வெட்டி எடுப்பது தனி வேலை. சுழலும் உருளை இல்லை என்றால் அதை மாற்றும் செலவும் இல்லை. சி3-யில் அப்படி ஒரு மாடலைத்தான் தேர்ந்தெடுத்தேன், விலையும் குறைந்தது.

இப்போது எல்லோரும் விரும்பும் வயர்லெஸ் குச்சி வகை. கையில் எடுத்தவுடன் ஓடும், சாப்பாட்டு மேசைக்குக் கீழே சோறு கொட்டினால் அதைப் போல வசதி கிடையாது, அதை மறுக்கவே முடியாது. ஆனால் லித்தியம் பேட்டரி தேய்கிற பொருள். வெயிலும் சூடும் அதைச் சீக்கிரம் தேய்க்கும், நாமோ சார்ஜரை வெயில் விழும் சர்வீஸ் யார்டிலேயே மாட்டுகிறோம். விளம்பரத்தில் 60 நிமிடம் என்று போட்டிருந்தால் அது ஆகக் குறைந்த வேகத்தில், முழு வேகத்தில் சில நிமிடங்களிலேயே தீர்ந்துவிடும். சில வருடங்களில் புது பேட்டரி வேண்டியிருக்கும், அது 150 வெள்ளி என்றால் நான் மூன்று வருடத்துக்கு மேல் பை வாங்கும் காசு அது. அந்தப் பேட்டரி கிடைத்தாலாவது பரவாயில்லை. என் அக்கா வீட்டில் ஒரு குச்சி வகை இருந்தது, நல்ல மிஷின், பேட்டரி மட்டும் போய்விட்டது. சேவை மையத்தில் 'அந்த மாடலை நிறுத்தியாச்சு, பேட்டரி வராது, புதிதாக வாங்கினால் தள்ளுபடி தருகிறோம்' என்றார்கள். மோட்டாரும் குழாயும் புதிது மாதிரி இருக்க முழு மிஷினும் குப்பைக்குப் போனதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. ஆகவே குச்சி வகை வாங்குகிறவர்கள் கடையில் கேட்க வேண்டியது: பேட்டரியை நாமே கழற்றி மாட்டலாமா, தனியாக விற்கிறார்களா, இன்று என்ன விலை. பதில் தயங்கி வந்தால் அடுத்த மாடலைப் பாருங்கள்.

ரோபோ பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். ஓரப் பிரஷ், ஃபில்டர், துடைக்கும் துணி, தானே காலிசெய்யும் நிலையம் இருந்தால் அதற்கும் ஒரு பை. சின்னச் சின்னதாக நிறைய வாங்க வேண்டியிருக்கும். வேலைக்குப் போகும் தம்பதிக்கு நல்ல துணை, ஆனால் சோபா இடுக்கும் ஜன்னல் தடமும் அதற்கு எட்டாது.

வாங்கும் இடத்தில் மலிவு விலையைப் பார்த்து அவசரப்பட வேண்டாம். வேக்குவம் கிளீனர் இங்கே கட்டுப்படுத்தப்பட்ட மின்பொருள் பட்டியலில் உள்ளது, பாதுகாப்புச் சின்னம் ஒட்டியிருக்க வேண்டும். இணையத்தில் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும்போது மின்னழுத்தத்தைப் பாருங்கள். நம்முடையது 230 வோல்ட், ஜப்பானில் 100, அமெரிக்காவில் 120, அந்த ஊர் மிஷினை நேராகச் செருகினால் கதை முடிந்தது. ஒரே மாடல் ஒரு கடையில் நூறு வெள்ளி குறைவாக இருந்தால் இங்கே விற்க வந்த லோக்கல் செட்டா, வேறு நாட்டுச் சந்தைக்கான எக்ஸ்போர்ட் செட்டா என்று கேளுங்கள், எக்ஸ்போர்ட் செட்டுக்கு இங்குள்ள ஏஜெண்ட் உத்தரவாதம் தராமல் போகலாம். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். குறையுள்ள பொருளை வாங்கியவருக்குப் பாதுகாப்புத் தர 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த லெமன் சட்டப்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, மாறாக நிரூபிக்கப்படாத வரை, கொடுக்கும்போதே இருந்ததாகத்தான் கொள்ளப்படும். பழுது பார்த்தோ மாற்றியோ தரும்படி கடையைத்தான் கேட்க வேண்டும்.

சி3-யிடம் எனக்குள்ள குறைகளும் உண்டு. கனம். குழாயோடு சேர்த்து அலமாரியில் நிறைய இடம் பிடிக்கும், ஸ்டோர் ரூம் இல்லாத வீட்டில் இது தலைவலி. அறை மாறும்போது வயர் சிலசமயம் கதவுக்கடியில் மாட்டும். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் தனியாக இருக்கும் ஈரறை வீட்டுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன், அவர்களுக்கு பேட்டரி மாற்றக்கூடிய லேசான குச்சி வகையே சரி.