கதைப் பாத்திரம் எழுந்து நிற்க: பாப்-அப் பக்கமா, குச்சிப் பொம்மையா?

சிறுவர் கதையின் முயலையும் சிங்கத்தையும் தாளிலிருந்து எழுப்ப இரண்டு எளிய வழிகள்: திறந்தால் உருவம் எழுந்து நிற்கும் பாப்-அப் பக்கம், குச்சியில் ஒட்டிப் பிடித்து ஆட்டும் பொம்மை.

செய்முறை
பாப்-அப்: 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள) ஏ4 அட்டையைக் குறுக்கே இரண்டாக மடியுங்கள். மடிப்பு விளிம்பிலிருந்து உள்நோக்கி 4 செ.மீ. நீளத்தில், 2 செ.மீ. இடைவெளி விட்டு, இணையாக இரண்டு வெட்டு. நடுப்பட்டையை உள்ளே தள்ளினால் படி போல நிற்கும். அதன் முகப்பில் முயலை ஒட்டுங்கள். வெட்டிய ஓட்டை தெரியாதிருக்க வெளியே இன்னோர் அட்டை.
குச்சி: உருவத்தை வெட்டி, பின்னால் ஐஸ் குச்சியை ஒட்டினால் முடிந்தது.

எங்கே சொதப்பும்
பாப்-அப்: மூடும்போது முயலின் காது வெளியே நீட்டும். காரணம் உயரக் கணக்கு. பட்டையின் 4 செ.மீ.யும் உருவத்தின் உயரமும் சேர்ந்து பாதிப் பக்கமான 14.8 செ.மீ.க்குள் அடங்க வேண்டும். உருவம் 10 செ.மீ. தாண்டாமல் இருப்பது நல்லது. வெட்டுகள் இணையாக இல்லையென்றால் பட்டை கோணும்.
குச்சி: குச்சி இடுப்போடு நின்றால் தலை தொங்கும். கழுத்துக்கு மேல் வரை ஏற்றுங்கள். தண்ணீர்ப் பசை தாளைச் சுருட்டும். வெள்ளைப் பசை மெல்லியதாகப் பூசினால் போதும்.

செலவு
இரண்டுமே சொற்பம். பழைய அழைப்பிதழ் அட்டையே போதும்.

எவ்வளவு நாள் உழைக்கும்
பாப்-அப்: மடிப்பில்தான் முதலில் கிழியும். உள்ளே செலோடேப் ஒட்டலாம்.
குச்சி: பிள்ளைகள் சண்டைக் காட்சி நடத்தினாலும் தாங்கும். குச்சி முறிந்தால் மாற்றலாம்.

மடியில் வைத்து ஒரு பிள்ளைக்குக் கதை சொல்ல பாப்-அப். திறக்கும் அந்த நொடிக்கு ஈடில்லை. முப்பது பேர் உள்ள வகுப்புக்குக் குச்சிப் பொம்மைதான். முயல் இருபக்கமும் ஓட வேண்டுமா? பின்பக்கமும் வரைந்துவிடுங்கள்.