வீட்டில் செய்யும் எச்.ஐ.வி டெஸ்ட் கிட்: பொருள் நல்லதுதான், நான் வாங்கிய நேரம்தான் தப்பு

சனிக்கிழமை இரவு காண்டம் இல்லாமல் நடந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க வயிற்றைக் கலக்கிக்கொண்டே இருந்தது, மதியம் ஆன்லைனில் இந்த கிட்டை ஆர்டர் போட்டேன், செவ்வாய் காலை வந்து சேர்ந்தது. உடனே பிரித்து டெஸ்ட் செய்தேன், ஒரே கோடு. தப்பித்தோம்டா என்று குதித்தேன். அந்தக் குதிப்புக்கு ஒரு அர்த்தமும் இல்லை என்று அப்போது தெரியாது.

கிட்டைக் குறை சொல்ல முடியாது. பட்டையான நுனி உள்ள ஒரு குச்சி, மருந்து நீர் உள்ள ஒரு சின்னக் குப்பி, ஒரு தாள், அவ்வளவுதான். மேல் ஈறில் ஒரு தடவை, கீழ் ஈறில் ஒரு தடவை தேய்த்து குப்பிக்குள் நிறுத்தி 20 நிமிடம் காத்திருக்க வேண்டும். ஊசி இல்லை, ரத்தம் இல்லை. சி என்ற இடத்தில் கோடு வந்தால் கிட் வேலை செய்கிறது, அதுவே வரவில்லையென்றால் அந்த டெஸ்ட் செல்லாது. டி பக்கத்திலும் கோடு விழுந்தால், அது எவ்வளவு மங்கலாக இருந்தாலும், லேபில் போய் உறுதி செய்துகொள்ள வேண்டும். அதுவே முடிவான பதில் இல்லை.

என் கோபமெல்லாம் அந்தத் தாள் மேல்தான். இந்த டெஸ்ட் வைரஸைத் தேடுவதில்லை, வைரஸுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடியைத் தேடுகிறது. அது தெரிகிற அளவுக்கு வர 23 முதல் 90 நாள் வரை ஆகலாம். அப்படியென்றால் மூன்றாம் நாள் எனக்கு வந்த நெகட்டிவ், சனிக்கிழமை இரவைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. இதைத் தாளின் பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் போட்டிருக்கிறார்கள். டப்பாவின் மேல் கொட்டை எழுத்தில் அல்லவா இருக்க வேண்டும்?

லேபில் வேலை பார்க்கும் அக்காவிடம் சந்தோஷமாகச் சொன்னேன். "டேய், மூணு நாள்ல இது என்னத்தைக் காட்டும்? எத்தனை மணி நேரம் ஆச்சு? முதல்ல கிளம்பு" என்று விரட்டினாள். எச்.ஐ.வி தொற்றிக்கொள்ளாமல் தடுக்க பெப் என்று ஒரு மருந்து இருக்கிறது, 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. எனக்குச் சில மணி நேரம்தான் மிச்சம். கிட் வரும் வரை நான் வீட்டில் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் அந்தக் கணக்கில்தான் போனது. டாக்டர் முகம் சுளிக்கவில்லை, எப்படிப்பட்ட உறவு, கூட இருந்தவருக்கு எச்.ஐ.வி உண்டா என்று தெரியுமா, இருந்தால் சிகிச்சையில் இருக்கிறாரா என்று கேட்டார், ரத்தம் எடுத்தார், 28 நாள் மாத்திரை எழுதினார். முதல் வாரம் குமட்டல் இருந்தது, அப்புறம் பழகிவிட்டது. மாத்திரை எடுத்ததால் அடுத்த டெஸ்டுகளை எல்லாம் லேபில்தான் பார்க்க வேண்டும், இந்தக் குச்சியை நம்பி இருக்காதே என்றும் சொல்லிவிட்டார்.

இன்னொன்று, இந்த கிட் பார்ப்பது எச்.ஐ.வி மட்டும்தான். பயம் பூராவும் அதன் மேலேயே இருந்ததால் உடலுறவில் தொற்றும் மற்ற நோய் எதுவும் எனக்கு ஞாபகத்திலேயே இல்லை. கொனோரியா, கிளமிடியா இரண்டுக்கும் இரண்டு வாரம் கழித்துச் சிறுநீர் கேட்டார்கள், அதுவும் ஒரு மணி நேரமாவது போகாமல் இருந்து, முதலில் வருவதைப் பிடித்துத் தர வேண்டும். கிளமிடியா பலருக்கு எரிச்சல்கூட இல்லாமல் சத்தமில்லாமல் இருக்குமாம். சிபிலிஸ் புண் பெரும்பாலும் வலிக்காது, சுமார் 21 நாளில் வரும், 90 நாள்கூட ஆகலாம், அதனால் கண்ணாடியில் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று முடிவு கட்ட முடியாது, ரத்தப் பரிசோதனைதான். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறேனா என்றும் கேட்டார்கள், எனக்கே தெரியவில்லை. கர்ப்பமாகும் வாய்ப்பு இருப்பவர்களுக்கு அவசர கருத்தடை மாத்திரை தனிக் கணக்கு, அதற்கும் நாள் கடத்தக் கூடாது.

மூன்று மாதத்துக்கு முன்னால் நடந்ததற்கு, கிளினிக் போகக் கூச்சமாக இருக்கிறது என்றால் தாராளமாக வாங்கலாம். நேற்று நடந்ததற்கு வேண்டாம். 3 ஸ்டார். பார்சலில் வெளியே எதுவும் எழுதாமல் அனுப்பினார்கள், அம்மா கையில் வாங்கிக் கொடுத்தும் என்ன என்று கேட்கவில்லை, அதற்காக அரை ஸ்டார் சேர்த்துப் போடுகிறேன்.