கிட்ஸ் கிளப்பை நம்பிக் கப்பல் ஏறாதீர்கள்: 2,840 வெள்ளி போனது

நேற்றுக் காலைதான் கப்பலை விட்டு இறங்கினோம். பெட்டியைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். சிங்கப்பூரில் சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, செப்டம்பர் பள்ளி விடுமுறை முடிந்ததும் விலை குறைகிற கப்பல் பயணங்களைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நாங்கள் கட்டியது 2,840 வெள்ளி.

மகளுக்கு ஐந்து வயது, மகனுக்கு இரண்டரை. வீட்டில் பணிப்பெண் இல்லை. ஊரிலிருந்து வந்து பார்த்துக்கொள்ள அம்மாவுக்கு உடம்பு இடம் கொடுக்கவில்லை. என் வீட்டுக்காரருக்கு ஷிப்ட் வேலை. இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு வேளை சூடாகச் சாப்பிட்டு எத்தனையோ மாதமாகிறது. பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் நம்பி விட கிட்ஸ் கிளப் என்று ஓர் இடம் இருக்கும் என்பதற்காக மட்டும்தான் கப்பல் என்று முடிவு செய்தோம்.

தேக்கா பக்கம் ஒரு பயண முகவர் கடை. அங்கிருந்த தம்பி மகனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு கைபேசியில் படம் காட்டினார். பந்துகள் நிரம்பிய தொட்டி, குட்டி மேசைகள், கடற்கொள்ளையர் வேடம் போட்ட பிள்ளைகள். விடுமுறை இல்லாத நேரத்தில்கூட இதெல்லாம் நடக்குமா என்று தெளிவாகக் கேட்டேன்.

"அக்கா, கூட்டம் இல்லாத நேரம்தான் நல்லது. பிள்ளைங்க கம்மியா இருப்பாங்க, உங்க பிள்ளைய நல்லா கவனிப்பாங்க. காலைல ஒன்பதுல இருந்து ராத்திரி பத்து வரைக்கும் விட்டுட்டு நீங்களும் அண்ணனும் நிம்மதியா இருங்க."

சின்னவனையும் சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்டேன். "நான் பேசி வைக்கிறேன்க்கா. என் பொண்ணுக்கும் இதே வயசுதான், எனக்குத் தெரியாதா?"

அந்த வார்த்தையில்தான் விழுந்தேன். பெற்ற பிள்ளையை முன்னால் வைத்து ஒருவர் பொய் சொல்வார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கார்டை எடுத்துக் கொடுத்தேன். 2,840 வெள்ளி.

மரினா பேயிலிருந்து பினாங்கு போய்த் திரும்பும் மூன்று இரவுப் பயணம். ஏறிய அன்று சாயங்காலமே மகள் கிளம்பிவிட்டாள். கறுப்புத் தாளை வெட்டி, ரப்பர் பேண்ட் கோத்து, ஒற்றைக் கண்ணை மறைக்கும் கொள்ளையர் பட்டையை ஒரு வாரம் முன்னாலேயே தானே செய்து வைத்திருந்தாள். அதை மாட்டிக்கொண்டு போய் நின்றால் கிளப் கதவு பூட்டியிருக்கிறது. கதவில் ஒரு தாள். காலை 10 முதல் 12 வரை, பிற்பகல் 3 முதல் 5 வரை. மூன்று வயதிலிருந்து பதினொரு வயதுவரை எல்லோரும் ஒரே குழு. இரவு நிகழ்ச்சி இல்லை. பினாங்கில் நிற்கும் நாளில் கிளப்பே இல்லை. பட்டையைக் கழற்றாமல் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு இன்னும் வாசிக்கத் தெரியாது. நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

மகனைச் சேர்க்கவே மாட்டோம் என்றார்கள். மூன்று வயது நிறைந்திருக்க வேண்டும், டயப்பர் போடக் கூடாது. பெரும்பாலான கப்பல்களில் இதுதான் விதி என்று இப்போது தெரிகிறது. இதையே தொழிலாகச் செய்கிறவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

கடலில் இருந்த நாளன்று மூன்று மணிக்கு மகளைக் கொண்டுபோய் விட்டேன். விளையாட்டு அறையில் பாதியை ஏதோ கம்பெனிக் கூட்டத்துக்கான நாற்காலிகள் அடைத்திருந்தன. ஒன்பது பிள்ளைகளுக்கு ஒரே ஒரு பணியாளர். பத்து வயதுப் பையன்கள் ஓடிப்பிடித்து விளையாட, என் மகள் மூலையில் மை காய்ந்த பேனாவால் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். இருபது நிமிடத்தில் "ரூமுக்குப் போலாம்மா" என்றாள். அந்தப் பணியாளரை நான் குறை சொல்ல மாட்டேன். பிள்ளைகள் குறைவாக வரும் மாதங்களில் ஆட்களை வேறு கப்பலுக்கு மாற்றிவிடுவார்கள், வயதுக் குழுக்களை ஒன்றாக்கிவிடுவார்கள் என்று உள்ளதைச் சொன்னது அவர் ஒருவர்தான்.

பயணிகளின் பிறந்த தேதி, கடப்பிதழ் விவரம் எல்லாம் முன்பே வாங்கிவிடுகிறார்கள். எந்த வயதில் எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள் என்று கப்பல் கிளம்புவதற்கு முன்னாலேயே தெரியும். ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டிருந்தால் பதில் வந்திருக்கும். முகவர் கேட்கவில்லை.

கப்பலின் வரவேற்பு மேசையில் சொன்னால், "அட்டவணை மாறும், உங்கள் முகவரிடம் பேசுங்கள்" என்றார்கள். முகவருக்குச் செய்தி அனுப்பினால் நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. நேற்று மத்தியானம் நேரில் போனேன். "அது கப்பல்காரங்க முடிவுக்கா, நாங்க என்ன பண்ண முடியும்?" என்றார். அப்புறம் மேலாளர் வெளியே போயிருக்கிறார் என்றார். அப்புறம் ரசீதின் பின்பக்கத்தைத் திருப்பி, வசதிகள் முன்னறிவிப்பின்றி மாறலாம் என்ற பொடி எழுத்தைக் காட்டினார். கடைசியில் 50 வெள்ளிக்கு ஒரு பற்றுச்சீட்டு, அதுவும் அடுத்த பயணத்துக்கு, மூன்று மாதத்துக்குள். 2,840 வெள்ளி எங்கே, 50 வெள்ளி எங்கே! அன்றைக்கு மகனை மடியில் வைத்திருந்தவர், நேற்று அவன் அழுதபோது ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

என்னென்ன கேட்க வேண்டும் என்று வரிசையாக எழுதத்தான் நினைத்தேன், சின்னவன் எழுந்துவிட்டான். சரி, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். நீங்கள் போகும் தேதிக்கான கிளப் நேரத்தைக் கப்பல் நிறுவனத்திடமே கேளுங்கள், படங்களைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மூன்று வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் கிளப் இல்லை என்றே நினைத்துக்கொள்ளுங்கள். ஏமாந்துவிட்டால், 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளைச் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் இரண்டு வருடத்துக்குள் தொடுக்கலாம். நான் திங்கட்கிழமை போகிறேன்.

முகவர் வாயால் சொல்வதை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். காலை ஒன்பதிலிருந்து இரவு பத்து வரை என்று அவர் சொன்னதற்கு என் கையில் ஒரு வரிகூட இல்லை. அந்தப் படங்கள் மட்டும்தான் இருக்கின்றன.