பேக்கேஜா, பெஞ்சா? இதயத்துக்கு எந்தப் பரிசோதனை

சென்னை தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனைக் கம்பத்தில் எப்போதும் தனியார் லேப்களின் ஹெல்த் செக்கப் பேக்கேஜ் பேனர் ஒன்று தொங்கும். 80 டெஸ்ட், 90 டெஸ்ட், இந்த மாதம் மட்டும் பாதி விலை. அங்கிருந்து நடக்கிற தூரத்தில்தான் கார்ப்பரேஷனின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம். அங்கே பேனர் கிடையாது, ஒரு பெஞ்சும் பிரஷர் மெஷினும் இருக்கும். நாற்பதைத் தாண்டியவர்கள் எதை நம்புவது என்று வீட்டில் பேச்சு வரும்போதெல்லாம் நான் அந்தப் பெஞ்சின் பக்கம்தான் நிற்கிறேன்.

பேக்கேஜில் நல்லதே இல்லை என்று சொல்ல மாட்டேன். காலையில் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போகிறார்கள், சாயங்காலம் ரிப்போர்ட் போனுக்கு வந்துவிடுகிறது. துறைமுகத்தில் ஷிப்ட் பார்ப்பவருக்கு ஒரு நாள் கூலி மிச்சம். ஆனால் அந்த 80 டெஸ்டில் இதயத்துக்கு உண்மையில் வேண்டியவை சில தான்: சர்க்கரை, கொழுப்பு வகைகள், கிட்னிக்கு கிரியாட்டினின். எல்லாவற்றுக்கும் மேலே ரத்த அழுத்தம். வீட்டுக்கு வந்து ரத்தம் மட்டும் எடுத்துப் போகிறவர்கள் பல நேரம் அதைப் பார்ப்பதே இல்லை. கையில் பட்டை கட்ட வேண்டிய சோதனை, ட்யூபில் வராது.

இன்னொன்று ஈசிஜி. படுக்கவைத்து எடுக்கிற ஈசிஜி அந்தச் சில நொடிகளைத்தான் காட்டும். ரத்தக் குழாயில் அடைப்பு உள்ளவருக்கும் அது நார்மலாக வரலாம். "ஈசிஜி நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு பீடியைப் பற்றவைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

பெஞ்சுக்கு வருவோம். காத்திருக்க வேண்டும், கூட்டம் இருக்கும், எக்கோ, ட்ரெட்மில் மாதிரி இதயச் சோதனைகள் எல்லாம் அங்கே நடக்காது. தேவைப்பட்டால் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்கள். அம்மா எட்டு வருடமாக மாதாமாதம் போகிறார். சர்க்கரை பார்ப்பது, பிரஷர் பார்ப்பது, மாத்திரை வாங்குவது, எல்லாம் இலவசம். கையில் ஒரு நோட்டு. அந்த நோட்டில்தான் விஷயமே இருக்கிறது. ஒரு நாள் 150/90 என்று வந்தால் படி ஏறி வந்த மூச்சாகவும் இருக்கலாம், வாசலில் குடித்த டீயாகவும் இருக்கலாம். ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, கால் தரையில் பட, வேறு வேறு நாளில் பார்த்தும் 140/90-க்குக் கீழே இறங்கவில்லை என்றால்தான் அது வியாதி. வருடத்துக்கு ஒரு முறை வாங்குகிற ரிப்போர்ட்டுக்கு இதைச் சொல்ல வழியில்லை.

நடக்க முடியாத பெரியவர்களுக்கு மூன்றாவதாக ஒரு வழி உண்டு. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம். வீட்டுக்கே வந்து பிரஷர், சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர் வீட்டில் இதற்கு ஈடாக எந்தப் பேக்கேஜும் கிடையாது.

சரி, சோதனை ஒரு பக்கம். தினமும் சாப்பிடுவது? "எண்ணெயை நிறுத்திட்டேன்" என்று சொல்கிறவர்கள்தான் எங்கள் பக்கம் அதிகம், உப்பைக் குறைத்தேன் என்று சொல்பவரைத் தேட வேண்டும். இரண்டும் குறைய வேண்டியதுதான். ஆனால் பிரஷர் உள்ள வீட்டில் நான் உப்பிலிருந்துதான் தொடங்கச் சொல்வேன். உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு. சமையல் உப்பு, ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். காசிமேட்டில் வாங்குகிற அதே நெத்திலி குழம்பில் போனால் நல்ல சாப்பாடு, உப்பில் காய்ந்து கருவாடாகி வந்தால் கதை வேறு. கருவாட்டை விடவே முடியாது என்கிற வீட்டில் (எங்கள் வீடும் அதில் ஒன்று) சுடுதண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை இரண்டு தடவை மாற்றி, குழம்பில் தனியாக உப்பே போடாமல் செய்யலாம். மத்தி, கானாங்கெளுத்தி மாதிரி எண்ணெய்ச் சத்துள்ள மீன் விலையும் குறைவு, இதயத்துக்கும் நல்லது. பொரிக்காமல் குழம்பு வைக்கவேண்டும், அவ்வளவுதான்.

ஜிம்மா நடையா என்றால் நடை போதும், வாரத்துக்கு 150 நிமிடம் வேகமாக. எங்கே நடப்பது என்பதுதான் இங்கே கேள்வி. எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பக்கத்தில் வேண்டாம், அந்தப் புகையும் தூசியும் இதயத்துக்கும் கெடுதல். ராயபுரம் ராபின்சன் பூங்கா பக்கத்தில் இருப்பவர்கள் அங்கே போகலாம், மற்றவர்களுக்கு மொட்டைமாடி. மூட்டை தூக்குகிறவர்கள் "எனக்கெதுக்கு வாக்கிங்" என்பார்கள். உடம்பு உழைக்கிறது, உண்மை. ஆனால் பீடியும் ஹான்ஸ் என்கிற மெல்லும் புகையிலையும் செய்கிற கேட்டை அந்த உழைப்பு அழிக்காது. புகையை விட்ட ஒரே வருடத்தில் அதனால் வந்த இதய ஆபத்து பாதியாகக் குறைகிறது. எந்த ஜிம்மும் இதைத் தராது.

நெஞ்சு வலியே வந்துவிட்டால் இந்த ஒப்பீடெல்லாம் இல்லை. கேஸ் என்று சோடா குடித்துக் காத்திருக்கக் கூடாது. 108-க்குப் போன் செய்யுங்கள். 2023-ல் வந்த இதயம் காப்போம் திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் தவணையாக 14 மாத்திரை கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள்.

என் மாமா சோடா குடித்தவர். அதற்கு இரண்டு வருடம் முன்னால் ஒரு தனியார் லேபில் 2,500 ரூபாய் கட்டி நேரில் போய்ப் பேக்கேஜ் எடுத்திருந்தார். ஃபைல் பீரோவின் மேல் கிடந்தது. லேபிலிருந்து ஒருவரும் கூப்பிட்டுப் பேசவில்லை, நாங்களும் பிரித்துப் பார்க்கவில்லை. ஸ்டான்லியில் பிழைத்து வந்த பிறகு, அந்த ஃபைலை எடுத்துக்கொண்டு அவரைக் கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் அம்மா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, மூன்றாவது பக்கத்தில் நிறுத்தி விரலை வைத்தார். 164/102. அப்புறம் ஒரு புது நோட்டை எடுத்து மாமாவின் பெயரை எழுதினார்.