கலங்கரை விளக்கக் குன்றா, செம்பனைத் தோட்டமா?

பங்குனி நெருங்கினால் மலேசியாவின் நெகிரி செம்பிலானில் இருக்கும் எங்கள் ரந்தாவில் எனக்கு ஒரே யோசனை. ஞாயிற்றுக்கிழமை பறவை பார்க்க போர்ட்டிக்சன் பக்கம் தஞ்சோங் துவான் குன்றுக்குப் போவதா, வீட்டுக்குப் பின்னால் உள்ள செம்பனை (பாமாயில் மரம்) தோட்டத்திலேயே நிற்பதா? நமக்கு வசந்தகாலம் கிடையாது. ஆனால் குளிருக்கு ஒதுங்கி வந்த பறவைகள் வடக்கே கிளம்பும் நேரம் இதுதான்.

தஞ்சோங் துவானில் பார்க்க வேண்டியது பருந்துகள். வெயிலில் நிலம் சூடாகி மேலே எழும் காற்றில்தான் பருந்து அலுப்பில்லாமல் மிதக்கும். கடலுக்கு மேல் அந்தக் காற்று சரியாகக் கிடைக்காது. அதனால் சுமத்ராவிலிருந்து வருபவை மலாக்கா நீரிணை குறுகிய இடமாகப் பார்த்து, இறக்கை அடித்தே கடக்கின்றன. சுமத்ராக் கரையை ஒட்டிய ரூபாட் தீவிலிருந்து இங்கே ஏறக்குறைய 38 கிலோமீட்டர். களைத்து வரும் தேன் பருந்து சில சமயம் கலங்கரை விளக்கத்தை ஒட்டித் தாழப் பறக்கும். பைனாகுலர் இல்லாமலே வயிற்றுக் கோடுகள் தெரியும். அப்புறம் காட்டின்மேல் வட்டமடித்து, உயரம் பிடித்து, உள்நாட்டுக்குப் போய்விடும். மலேசிய இயற்கைக் கழகம் 2000-இல் தொடங்கிய பருந்து விழாவும் மார்ச்சில் இங்கேதான் நடக்கும்.

குறை என்ன? ஏற்றம் செங்குத்து, பருந்து வருவதும் உச்சிவெயிலில். மழை பிடித்தால் வானம் வெறுமைதான். ஒருமுறை என் மகள் மதியம் ஒரு மணி வரை காத்திருந்து, ஒன்றையும் பார்க்காமல் இறங்கினாள். எனக்கே மனசு கஷ்டமாகிவிட்டது.

தோட்டத்தில் அந்தப் பிரமிப்பு இல்லை. ஆனால் ஒரே பறவையை மாதக்கணக்கில் பார்க்கலாம். மறுநடவுக்காக மரம் சாய்த்த வெளியில் டிராக்டர் பின்னால் நடக்கும் உண்ணிக்கொக்கு தை மாதத்தில் வெள்ளை. பங்குனியில் அதன் தலையும் கழுத்தும் மஞ்சள் அரைத்துப் பூசியதுபோல் ஆகிவிடும். வாய்க்கால் ஓரத்துச் சீன மடையான் கொக்கு வெறும் பழுப்புக் கோடுகளோடு வந்தது, போகும்போது கழுத்தெல்லாம் கருஞ்சிவப்பு. புறப்படும் முன் அவை கல்யாணக் கோலம் பூணுகின்றன. வேலிக் கம்பத்தில் ஐப்பசியிலிருந்து உட்கார்ந்திருந்த பழுப்புக் கீச்சானை ஒருநாள் காலையில் காணோம் என்றால், பயணம் தொடங்கிவிட்டது என்று எனக்குப் புரியும். குன்றில் நின்றால் இது கிடைக்காது.

சேற்றுக்கரைப் பறவைகள்தான் வேண்டும் என்றால் கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்கா. அது தூரம், தனிப் பயணம்.

என்னைக் கேட்டால், புதிதாகத் தொடங்குபவருக்குத் தோட்டம்தான் சரி. தோட்டத்து ஜாகாவிடம் (காவலாளியிடம்) சொல்லிவிட்டு, காலை ஏழு மணிக்கு பூட்ஸ் போட்டுக்கொண்டு இறங்குங்கள். செம்பனைக்குள் நாகம் உண்டு. மார்ச் நடுவில் வானம் தெளிந்த ஒரு நாளை மட்டும் குன்றுக்கு ஒதுக்குங்கள். தொப்பி, தண்ணீர் எடுத்துக்கொண்டு பத்து மணிக்குள் மேலே ஏறிவிட வேண்டும்.