ஏழு வருடமாக என் வீட்டில் ஒரு தனேகஷிமா கத்தரிக்கோல்

ராக்கெட் பார்க்கப் போன இடத்தில் வாங்கியது இது. 2018 செப்டம்பரில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குச் சரக்கு கொண்டுபோகும் எச்-2பி ராக்கெட் ஜப்பானின் தெற்கே இருக்கும் தனேகஷிமா தீவிலிருந்து கிளம்புவதாக இருந்தது. நானும் கணவரும் லீவு போட்டு, தோக்கியோவிலிருந்து ககோஷிமாவுக்கு விமானம், அங்கிருந்து ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் அதிவேகப் படகு என்று போய்ச் சேர்ந்தால், வானிலை சரியில்லை, அப்புறம் ராக்கெட்டில் ஏதோ கோளாறு, மறுபடி வானிலை என்று நாள் தள்ளிக்கொண்டே போனது. நாங்கள் வீடு திரும்பி வழக்கம்போல் ஆபீஸ் போக ஆரம்பித்த பிறகுதான் அது பறந்தது.

அப்படிச் சும்மா சுற்றிய ஒரு மத்தியானத்தில், நிஷினோஒமோதே துறைமுகப் பக்கம் ஒரு சின்னக் கடையில் இந்தக் கத்தரி கண்ணில் பட்டது. ஏழு அங்குலம் இருக்கும். விலை எட்டாயிரம் யென் சொச்சம், அன்றைய கணக்கில் கிட்டத்தட்ட ஐயாயிரம் ரூபாய். நூறு யென் கடையில் கிடைக்கும் சாமானுக்கு இவ்வளவா என்று கணவர் வாயால் கேட்கவில்லை, முகத்தால் கேட்டார்.

அந்தத் தீவில் ஏன் கத்தரி என்பதற்கு ஒரு கதை உண்டு. 1543ல் ஒரு சீனக் கப்பலில் போர்த்துகீசியர்கள் வந்து இறங்குகிறார்கள், கையில் துப்பாக்கி. தீவின் தலைவர் தனேகஷிமா தொகிதாகா இரண்டை விலைக்கு வாங்கி, அதே மாதிரி செய்யச் சொல்லி யாய்தா கின்பெய் என்ற கொல்லரிடம் கொடுக்கிறார். ஜப்பானில் அந்தத் துப்பாக்கிக்கே 'தனேகஷிமா' என்று பேர் வந்தது அதனால்தான். அதே கப்பலில் வந்த ஒரு சீனக் கொல்லர்தான் கத்தரி செய்யக் கற்றுக் கொடுத்தார் என்று தீவுக்காரர்கள் சொல்கிறார்கள். அதுவரை ஜப்பானில் பரவலாகப் புழங்கியது நடுவில் ஆணி இல்லாத, இடுக்கி மாதிரி வளைந்த கத்தரி. கைக்குள் வைத்து அமுக்கினால் வெட்டும், நூல் வெட்ட இன்றைக்கும் அதைத்தான் வைத்திருப்பார்கள். கடற்கரை மணலில் இரும்புத்தாது கிடைப்பதால் கொல்லர் வேலை அங்கே முன்பே இருந்தது. துப்பாக்கிக்குத் தேவை போனது, கத்தரி தங்கிவிட்டது. 'தனே பசாமி' என்கிறார்கள். இந்த வேலை தெரிந்தவர்கள் இப்போது தீவில் மிகச் சிலர்தான்.

சரி, கத்தரிக்கு வருகிறேன். வாங்கிய அன்றைக்கு ஓட்டல் அறையில் அதை மூடி விளக்கு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். இரண்டு அலகுக்கும் நடுவில் ஒரு மெல்லிய இடைவெளி, ஆணியிலிருந்து நுனி வரை, வில் மாதிரி. நுனி மட்டும் ஒட்டியிருந்தது. ஏமாந்துவிட்டோமோ என்று பயந்துபோய் மறுநாள் கடைக்கே கொண்டுபோனேன். கடைக்கார அம்மா சிரித்துவிட்டு ஒரு டிஷ்யூ பேப்பரைத் தண்ணீரில் நனைத்து வெட்டிக் காட்டினார், கிழியாமல் வழுக்காமல் நேராக வெட்டியது. சூட்சுமமே அந்த இடைவெளிதானாம். அலகின் உள்பக்கத்தைத் தட்டையாக விடாமல் லேசாகக் குழித்திருக்கிறார்கள், அதற்கு 'உராசுகி' என்று பேர். போதாததற்கு அலகைக் கொஞ்சம் வளைத்தும் இருக்கிறார்கள். அதனால் எந்த நேரத்திலும் இரண்டு அலகும் ஒரே ஒரு புள்ளியில்தான் தொடும், வெட்ட வெட்ட அந்தப் புள்ளி அடியிலிருந்து நுனிக்கு நகர்ந்துகொண்டே போகும். கூர்மை பாதிதான், அந்தப் பொருத்தம்தான் மீதி. உடம்பு மெத்தென்ற இரும்பு, விளிம்பில் மட்டும் காய்ச்சி அடித்து ஒட்டிய எஃகு. உற்றுப் பார்த்தால் இரண்டும் சேரும் கோடு தெரியும், இரும்பு மங்கல், எஃகு வெளிச்சம்.

அன்றாட உபயோகத்தில் முதலில் சொல்ல வேண்டியது பால் அட்டைப்பெட்டி. ஜப்பானில் அதை அப்படியே குப்பையில் போடாமல் கழுவி, வெட்டி, விரித்துக் காயவைத்து சூப்பர் மார்க்கெட் பெட்டியில் போடுவோம். வாரத்துக்கு நாலு தேறும். பெட்டியின் அடியில் அட்டை இரண்டு மூன்று மடிப்பாக இருக்கும், சாதாரண கத்தரி அந்த இடத்தில் மடங்கி அட்டையைக் கடித்துக்கொண்டு நிற்கும். இது நிற்காது. ஏழு வருடத்தில் எத்தனை பெட்டி என்று கணக்குப் போட்டால் ஆயிரத்தைத் தாண்டும், இன்னும் அதே மாதிரிதான் இருக்கிறது.

அப்புறம் கொத்தமல்லி வேர், வாணலிக்கு நேர் மேலே பச்சை மிளகாய், நோரி என்ற மெல்லிய கடல்பாசித் தாள், கட்டை மாதிரி காய்ந்த 'கொம்பு' என்ற கடல்பாசி, தோக்கியோவில் நம்மூர்க்காரர்கள் நிறைய இருக்கும் நிஷி கசாயில் வாங்கும் இட்லி ரவைப் பாக்கெட், ரவிக்கையில் தொங்கும் நூல், எல்லாம் இதே கத்தரிதான். நடுவில் கழுவி உடனே துடைத்துவிடுவேன். துணியைப் பற்றி ஒன்று. நீளமாக வெட்டினால் கட்டைவிரல் வலிக்கும். பிடி வெறும் இரும்பு வளையம், பிளாஸ்டிக் மெத்தை ஒன்றும் கிடையாது, ஒரு பாவாடைத் துணி வெட்டி முடிப்பதற்குள் விரலில் தடம் விழுந்துவிடும். குளிர்காலத்தில் காலையில் கையில் எடுத்தால் ஐஸ்.

கணவருக்கு இடது கை. அவர் இதில் பேப்பர் வெட்டினால் பேப்பர் மடங்கி அலகுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். வலது கையால் வெட்டும்போது கட்டைவிரல் தானாகவே இரண்டு அலகையும் ஒன்றோடொன்று நெருக்கும். இடது கையில் அதே விசை அவற்றைப் பிரித்துவிடும். இது எல்லா வலக்கைக் கத்தரிக்கும் உள்ளதுதான், ஆனால் பொருத்தத்தை நம்பி இருக்கும் கத்தரியில் இன்னும் அதிகமாகத் தெரிகிறது. எட்டாயிரம் யென் கொடுத்தும் வெட்டவில்லை என்று இரண்டு வருடம் சொல்லிக் காட்டிவிட்டு, இடக்கைக்காரர்களுக்கான ஸ்டீல் கத்தரி ஒன்றை வாங்கிக்கொண்டார்.

துருவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. முதல் ஜூன் மழையில் ஒரு ராத்திரி சிங்கில் போட்டு மறந்துவிட்டேன். காலையில் ஆரஞ்சுப் புள்ளிகள். தேய்த்து எடுத்து, நம்ம வீட்டு வழக்கப்படி தேங்காய் எண்ணெய் தடவி வைத்தேன். டிசம்பரில் எடுத்துப் பார்த்தால் எண்ணெய் ஆணியைச் சுற்றி வெள்ளையாக உறைந்து, பிசுபிசுவென்று தூசு பிடித்து, கத்தரி திறக்கவே மனமில்லாமல் திறந்தது. இங்கே கத்திக்கும் கத்தரிக்கும் கமேலியா எண்ணெய் என்று தனியாக விற்கிறார்கள், மெலிசாக இருக்கும், வாசனையும் இல்லை. மாதம் ஒரு சொட்டு, அவ்வளவுதான்.

எண்ணெய் விட்டபின் நாலு தடவை சும்மா திறந்து மூடினால் உள்ளே பரவும். 2022ல் மதுரைக்குப் போயிருந்தபோது அப்படிச் செய்துகொண்டிருந்தேன், அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "சும்மா கத்தரியை வெட்டாதடி, வீட்ல சண்டை வரும்!"

சண்டை வந்தது. ஆனால் வேறு காரணத்துக்கு.

பெட்டியில் போட்டு நானேதான் கத்தரியை ஊருக்குக் கொண்டுபோயிருந்தேன், தங்கை புடவைக்கு ஃபால்ஸ் அடிக்கிறாளே, வெட்டிப் பார்க்கட்டும் என்று. ஒருநாள் நான் வெளியே போன நேரத்தில் தெருவில் சாணைக்காரர் வந்திருக்கிறார். அம்மாவிடம் ஒரு மீரட் கத்தரி உண்டு, சாணை பிடித்துப் பிடித்தே முப்பது வருடம் ஓடியது. அதோடு சேர்த்து என்னுடையதையும் கொடுத்துவிட்டாள். "கருப்பா இருந்துச்சுடி, வெளிநாட்டுல வாங்கிட்டு இப்படியா வச்சிருப்ப? அதான் பளபளன்னு ஆக்கித் தரச் சொன்னேன்." பளபளவென்றுதான் இருந்தது. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன், அந்த வில் காணோம். உள்பக்கத்தையும் கல்லில் வைத்துத் தேய்த்துத் தட்டையாக்கியிருந்தார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், அவர் கைக்கு வருகிற கத்தரியெல்லாம் அப்படித்தான். விரலில் வைத்தால் முன்பைவிடக் கூராகவே இருந்தது, ஆனால் நியூஸ் பேப்பரை வெட்டச் சொன்னால் மென்று துப்பியது. அம்மாவோடு இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

திரும்பி வந்து என் அரைகுறை ஜப்பானிய மொழியில் கடைக்கு போன் செய்தேன். அனுப்புங்கள், பார்க்கிறோம் என்றார்கள். கொல்லர் கைக்குப் போய், திரும்ப உள்ளே குழித்து, ஆணியை இறுக்கி, தீட்டி வர ஏறக்குறைய இரண்டு மாதம், கூலி இரண்டாயிரத்து ஐந்நூறு யென். அலகு ஒரு நூல் மெலிந்துதான் வந்தது, ஆனாலும் நனைத்த டிஷ்யூவை வெட்டியது. இதற்கு முன் நாலு வருடமாக ஒரு தடவைகூடத் தீட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வெட்டும்போது விளிம்பும் விளிம்பும் உரசி உரசி ஒன்றையொன்று சரி பண்ணிக்கொள்கின்றன.

எல்லா வேலைக்கும் ஆகும் என்று சொல்லி விற்கிறார்கள், அதை அப்படியே நம்ப வேண்டாம். கம்பி கூடாது, கோழி எலும்பு கூடாது (ஒரு தடவை செய்தேன், நுனிப்பக்கம் ஒரு கடுகளவு சில்லு போயிருக்கிறது), பார்சல் டேப் வெட்டினால் பசை உள்ளே அப்பிக்கொண்டு துடைத்து மாளாது. ஒரு பொருளைத் துடைத்து எடுத்து வைக்கும் பழக்கம் இல்லாத வீடு என்றால் இந்தப் பணத்துக்கு நல்ல ஸ்டீல் கத்தரி மூன்று வாங்கிக்கொள்ளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

எங்கள் வீட்டில் அது ஃபிரிட்ஜுக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. டேப்புக்கும் கம்பிக்கும் கீழே டிராயரில் நூறு யென் கத்தரி ஒன்று கிடக்கிறது, வருடத்துக்கு ஒன்று மாற்றுகிறோம். ஊருக்குப் போகும்போது அதைத்தான் பெட்டியில் போடுகிறேன்.