ரெவிற் மாதிரியிலிருந்து ஓட்டோகாட் வரைபடம்: கோடுகளைக் காப்பாற்றும் வழி எது?

நிலாவெளிப் பக்கத்துச் சிறு விடுதிகளுக்கான கட்டட மாதிரிகளை எங்கள் திருகோணமலை அலுவலகம் ரெவிற் என்ற முப்பரிமாணக் கட்டட வடிவமைப்பு மென்பொருளில் உருவாக்குகிறது. ஆனால் கட்டமைப்புப் பொறியியலாளரும் தளத்துப் படவரைஞரும் இன்னும் ஓட்டோகாட் என்ற வரைபட மென்பொருளிலேயே வேலை செய்கிறார்கள். ஆகவே ஒவ்வொரு வரைபடமும் ஓட்டோகாட்டின் டி.டபிள்யூ.ஜி. கோப்பாகவே வெளியே போகவேண்டியிருக்கிறது. அதற்கு இரண்டு வழிகளைப் பரிசீலித்தோம்: தாளைப் பி.டி.எப். ஆக்கி, ஓட்டோகாட் 2017இல் அறிமுகமான இறக்குமதிக் கட்டளையால் மீண்டும் கோடுகளாக எடுப்பது ஒன்று. ரெவிற்றின் நேரடி ஏற்றுமதி மற்றையது. இப்போது இரண்டாவதையே பின்பற்றுகிறோம்.

பி.டி.எப். வழியில் தாளில் தெரியும் கோட்டுத் தடிப்பு பெரும்பாலும் அப்படியே வந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் கடற்கரையிலிருந்து விடவேண்டிய இடைவெளியைக் காட்டும் முறிகோடு சிறு துண்டுகளாகச் சிதறக்கூடும். ஒரே நேர்கோட்டில் கிடக்கும் துண்டுகளை ஒரு கோடாக ஊகிக்கும் தெரிவு உண்டென்றாலும், வளைந்து போகும் கரையோர எல்லையில் அது கைகொடுப்பதில்லை. நில அளவையாளர் பயன்படுத்தும் இலங்கையின் எஸ்.எல்.டி.99 முறை ஆள்கூறுகளும் தொலைந்துவிடுவதால், வரைபடத்தைக் கையால் நகர்த்திப் பொருத்தவேண்டும்.

நேரடி ஏற்றுமதியிலும் எல்லாம் தானாகச் சரியாகிவிடுவதில்லை. கோடுகளை வகைவகையாகப் பிரித்து வைக்கும் அடுக்குகளான லேயர் பற்றிய மூன்று தெரிவுகளில் எதை எடுக்கிறோம் என்பதே விளைவைத் தீர்மானிக்கிறது. முதலாவதில் சுவர், கதவு போன்ற பொருள்வகையின் நிறமும் தடிப்பும் லேயரைப் பின்பற்ற, ரெவிற்றின் ஒரு குறித்த பார்வையில் (தளப்படம் போன்றதில்) நாம் செய்த தனி மாற்றங்கள் மட்டும் பொருளின்மீதே ஒட்டிக்கொள்கின்றன. திரையில் அழகாகத் தெரியும் அந்தக் கோப்பை, நிறத்தைக்கொண்டு பேனாத் தடிப்பைக் கணிக்கும் சி.டி.பி. அட்டவணையால் அச்சிடும் பொறியியலாளர் லேயர் நிறத்தை மாற்றிச் சீர்செய்ய முயன்றால், ஒட்டிய கோடுகள் அசைவதில்லை. நிறங்களை ஆர்.ஜி.பி. மதிப்பாக அனுப்பினால் அந்த அட்டவணை அவற்றைப் பொருட்படுத்துவதே இல்லை. ஆதலால் ஓட்டோகாட்டின் எண்ணிட்ட 255 சுட்டு நிறங்களையே தெரிவு செய்யவேண்டும். இரண்டாவது தெரிவு எல்லாவற்றையும் லேயருக்குள் அடக்கி, மாற்றங்களைக் கைவிடுகிறது. இடிக்கப்படவுள்ள சுவருக்குக் கொடுத்த தனிநிறம் போய்விடும். மூன்றாவது, மாற்றங்களுக்கெனப் புதிய லேயர்களை உருவாக்குகிறது. நாங்கள் பயன்படுத்துவது இதைத்தான்.

இதற்கான முக்கிய காரணம் திருத்தங்கள். உரிமையாளர் ஓர் அறையை நகர்த்தச் சொன்னால், அதே பெயரில் புதிய கோப்பை அனுப்புகிறோம். பொறியியலாளர் அதைத் தம் வரைபடத்தோடு வெளி இணைப்பாக (தனிக் கோப்பாகவே இருந்து மீளேற்றக்கூடியதாக) வைத்திருப்பதால், ஓட்டோகாட்டின் விஸ்ரிட்டெய்ன் (VISRETAIN) என்ற அமைப்பு மாறியின் மதிப்பு 1 ஆக இருக்கும்வரை, அவர் தம் வரைபடத்தில் லேயர்களுக்குக் கொடுத்த நிறமும் தடிப்பும் மீளேற்றத்தின்போதும் நிலைத்திருக்கின்றன. பி.டி.எப். வழியிலோ ஒவ்வொரு திருத்தத்துக்கும் இறக்குமதி, அளவுத்திட்டம், இடப்பொருத்தம், லேயர் பிரிப்பு என எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யவேண்டும். முதல் நாளில் அரைமணி நேரம் மிச்சமாகலாம். திருத்தங்கள் வரத் தொடங்கியதும் அந்த மிச்சம் கரைந்துவிடும்.

தடிப்பு விடயத்தில் ஒரு கவனம் தேவை. ஓட்டோகாட் ஏற்பது 2.11 மில்லிமீற்றர் வரையான குறித்த அளவுகளை மட்டுமே, 0.10 அதில் இல்லை. கோட்டுத் தடிப்பைக் குறிக்கும் ரெவிற்றின் 16 பேனா எண்களுக்கும் 0.13, 0.18, 0.25, 0.35 போன்ற அளவுகளையே தொடக்கத்தில் கொடுத்துவிட்டால் கோடுகள் அருகிலுள்ள அளவுக்கு இழுபடுவதில்லை.

புதிய லேயர்கள் பெருகுவது இந்த வழியின் குறை. பல பார்வைகளுக்கும் ஒரே அமைப்பைக் கொடுக்கும் பார்வை வார்ப்புருக்களால் மாற்றங்களைக் கட்டுப்படுத்தினால் சிறு விடுதிகளில் அது சமாளிக்கக்கூடியதாகவே இருக்கிறது. பல மாடி மருத்துவமனை போன்ற பெரிய மாதிரியிலும் அப்படித்தான் இருக்கும் என்று எங்கள் அனுபவத்தை மட்டும் வைத்து நான் உறுதி கூறமாட்டேன். மாதிரியே கையில் இல்லாமல் பிறரின் பி.டி.எப். மட்டும் கிடைக்கும் வேலைகளுக்கு முதல் வழியை இன்றும் பயன்படுத்துகிறோம்.